இரண்டு முதுகுகள்

சூரமங்கலத்தில் தட்டுவடை செட் வண்டியருகே
பதினோரு வருடமாக ஒரே வழக்கு:
இர்ஷாத்தா, சேர்வராயனா?
தீர்ப்பு வருமுன் சட்னி தீர்ந்துவிடும்.

என்னைக் கேட்கமாட்டார்கள்.
கோல்கீப்பருக்கு ஆட்டம் தெரியாது என்பது
அங்கே பொதுக்கருத்து.

ஆனால் அந்த இருவர் முதுகையும்
என் அளவுக்குப் பார்த்தவன் கிடையாது.

கோட்டைக்காரன் இர்ஷாத்
பந்து வருமுன்னே இடத்தோள் வழியாக ஒரு தரம்,
வலத்தோள் வழியாக ஒரு தரம்
திரும்பிப் பார்த்துவிடுவான்,
மடியில் பணத்தோடு சந்தைக்குள் நடப்பவன் மாதிரி.
அவன் பாஸ் லீ பஜாரில் விலை பேசுவதுபோல,
துண்டுக்கடியில் விரல் தொட்டு
சத்தமில்லாமல் கைமாறும்.

சேர்வராயன் மலைக்காரன், நாகலூர்.
ஞாயிறு முதல் பஸ்ஸில் இருபது வளைவும் இறங்கி
பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான்.
அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை.
பின்னாலிருந்து எவன் முட்டினாலும்
மாடு முதுகு தேய்க்கும் பலாமரம் மாதிரி நிற்பான்.
முட்டியவன் தரையில் கிடப்பான்,
பந்து இவன் காலடியில் கிடக்கும்.

"மழையென்றால் சேர்வராயன், வெயிலென்றால் இர்ஷாத்"
என்று சமரசம் பேசினார் போஸ்டல் வரதப்பன்.
சேலத்தில் வருடத்துக்கு எத்தனை நாள் மழை
என்று கேட்டு அவரை உட்காரவைத்தார்கள்.

அந்த மார்ச்சில் கொச்சியிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்தான்.
வெள்ளைக்கல் பொடியில் கோடு இழுத்த மைதானம்,
அவன் கறுப்பு ஷூ அரைமணியில் சாம்பல்.
இரண்டு பேருக்கும் ஒரே காகிதம் நீட்டினான்:
மாலத்தீவு, எட்டு மாதம், சாப்பாடு தனி.

திரும்பிப் பார்க்கிறவன் போனான்.
திரும்பியே பார்க்காதவன் நின்றுவிட்டான்.

காசாசை என்றார்கள் அவனை,
பயந்தாங்கொள்ளி என்றார்கள் இவனை.
செட்டுக்கு ஐந்து ரூபாய் ஏறிய வாரத்தில்
அவன் துணிந்தவன், இவன் ஊர்ப்பாசக்காரன் ஆனார்கள்.

சேர்வராயன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்,
லேஸை அவிழ்த்துக்கொண்டே:
"பெஞ்சில உக்கார சம்பளம் தர்றானாம்.
உக்கார எங்க எஸ்டேட்ல கல்லு கெடக்குது."
நம்பினேன்.
பிறகு ஒருநாள் டேப் தேடி அவன் பையைத் துழாவியபோது
ஷின் பேடுக்கு நடுவே ஒரு பாஸ்போர்ட்,
நெகிழி உறைகூடப் பிரிக்காமல்.
படத்தில் தண்ணீர் தொட்டு வாரிய தலை.
டேப் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இர்ஷாத் இரவில் குரல்பதிவு அனுப்புவான்.
கார்னர் எடுக்க நின்றால் முதுகுக்குப் பின்னால் கடல்,
திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை என்பான்.
முதல் சீசனில் இருநூற்றுப் பன்னிரண்டு நிமிடம் ஆடினானாம்.
எண்ணி வைத்திருக்கிறான்.
"இங்க யாரும் என்னை யார்கூடவும்
ஒப்பிட்டுப் பேசறதில்ல, செங்கோடா."
கொஞ்சம் காற்றிரைச்சல். பிறகு,
"போன ஞாயிறு அவன் எப்படி ஆடினான்?"

அதை ஸ்பீக்கரில் போட்டபோது பக்கத்தில் சேர்வராயன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கட்டியிருந்த லேஸையே
மறுபடி கட்டிக்கொண்டிருந்தான், வெகுநேரம்.
சுமார்தான் என்று பதில் அனுப்பினேன்.
அன்று அவன் போட்டது இரண்டு கோல்.

பெருநாள் விடுப்பில் இர்ஷாத் வந்தான்.
காட்சி ஆட்டம். இருவரும் ஒரே அணி,
நடுக்களத்தில் பத்தடி இடைவெளி, பின்னால் நான்.
மதிலெல்லாம் ஆள்.
வண்டிக்காரரே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

எழுபத்து நாலாம் நிமிடம் பந்து என் கையில்.
இருவரும் திரும்பினார்கள்.
சேர்வராயனும்தான்.
அதுவரை ஆட்டத்துக்கு நடுவே நான் பார்த்திராத முகம்,
நெற்றியில் ஒரு தழும்புகூட இருந்தது.
இரண்டு பேரும் கையை நீட்டிக் கேட்டார்கள்,
கொடு, கொடு.

மதிலே மூச்சடக்கிக் காத்திருந்தது.

நான் நாலடி ஓடி, இருவர் தலைக்கும் மேலே
ஓங்கி உதைத்தேன்.
பந்து எதிர்க்கோலைத் தாண்டி, சுவரைத் தாண்டி,
எவன் வீட்டு ஓட்டிலோ விழுந்து உடைத்தது.

ஒரே கெட்ட வார்த்தை,
இரண்டு பேர் வாயிலிருந்தும்,
ஒரே நேரத்தில்.