ஈரம் காணப்பட்டது

கூட்டத்தொடரின் கடைசி நாள்.
சென்னையிலிருந்து செய்தி வந்து விழும்போது
மணி ஒன்பதே முக்கால்.
பதினேழு சட்டமுன்வடிவுகள்,
ஐம்பத்திரண்டு நிமிடங்கள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஒன்றுக்கு மூன்று நிமிடம், சொச்சம்.
எங்கள் கேன்டீனில் டீ வர
அதைவிட நேரமாகும்.

சிம்மக்கல் அலுவலகத்தில்
ஏழாம் பக்கம் கட்டுவது நான்.
கீழ்ப்பாதி முழுக்க ஜவுளிக்கடை, பள்ளிச் சீருடை.
வலது ஓரத்தில்
காணாமல் போன ஒருவரின் மங்கிய படம்.
மிச்சம் பன்னிரண்டு வரி.

பல்கலைக்கழகத் திருத்தம் இருக்கட்டும், பேசுவார்கள்.
சொத்துவரி இருக்கட்டும், திட்டுவார்கள்.
பந்தயக் குதிரைக்கு வரி?
நம்மூரில் குதிரை என்றால்
அழகர் ஏறி வருகிற ஒன்றுதான்.
ஆனாலும் தலைப்புக்கு எடுப்பாக இருந்தது, வைத்தேன்.

பதினான்காவது,
நீர்நிலைகள் வகைப்பாட்டுத் திருத்தம்.
அறிமுகம் செய்யப்பட்டு
ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு
குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.
ஏற்போர் ஆம் என்றார்களாம்.
மறுப்போர் வெளிநடப்பில் இருந்தார்களாம்.
பிரிவு மூன்று:
தொடர்ந்து ஐந்து பசலி
நீர் காணப்படாத கண்மாய்
கண்மாய் ஆகாது.

படித்தேன்.
வரி பெட்டியை விட்டு வெளியே நின்றது.
அழித்தேன்.
"பக்கம் போகட்டும்மா" என்றார் இன்னாசி சார்.
போனது.

ஆறாம் நாள் தம்பி போன் பண்ணினான்.
"எக்கா, தலைக்கு ஐநூறு. ஒனக்கும் சேத்துச் சொல்லிட்டேன்."
எதுக்குடா?
"லாரித் தண்ணிக்கு."

ஒத்தக்கடை தாண்டி
யானைமலை முதுகு காட்டுகிற பக்கம் எங்கள் கண்மாய்.
நான்குவழிச் சாலை வந்த வருஷம்
வரத்துக் கால்வாய் தாருக்கு அடியில் போய்ப் படுத்தது.
அதிலிருந்து எண்ணினால் இது ஐந்தாவது பசலி.
முடிய மூன்று நாள் பாக்கி.
அடங்கலில் ஒரு சொல் ஏறினால் போதும் என்று
நாலெழுத்து படித்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி,
முதல் நடை.
ராக்காயி அத்தை குலவை போட்டாள்.
குலவை முடியுமுன்
வெடிப்புகள் வாய்திறந்து
முழுசையும் குடித்துவிட்டு
திரும்ப வாய்திறந்தே இருந்தன.
இரண்டாம் நடை,
ஒரு வெள்ளாடு குடித்தது. மிச்சத்தை மண் குடித்தது.

"மூணாவது அடிக்கவா?" என்று
கேபினிலிருந்தே கேட்டார் டிரைவர்.
கரைமேல் நின்ற அத்தனை பேரும் சொன்னோம்,
"ஆமா."
சீனியம்மா மட்டும் "இல்ல" என்றாள்.
கையில் இனிமேல் காசு இல்லை என்பதைத்தான் சொன்னாள்.
அந்த ஒற்றைக் குரல் தனியாகக் கேட்டது.
டிரைவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு
இருநூறு குறைத்தார்.

நாலு மணிக்கு வி.ஏ.ஓ. வந்தது.
அருப்புக்கோட்டைப் பிள்ளை, பெயர் பொன்னெழில்,
வேலைக்கு வந்து எட்டு மாதம்.
மடைக்கு முன்னால்
கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் கிடந்தது.
அதில் மலையின் ஒரு துண்டு.
ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
எங்களைப் பார்த்தது,
லாரித்தடத்தைப் பார்த்தது,
இறங்கி நடந்தது.
வலது செருப்பு சேற்றில் தங்கிவிட்டது.
ஒற்றைக் காலில் நின்றபடி எழுதியது.
நீர் என்று எழுதவில்லை.
"ஈரம் காணப்பட்டது."
தேதி, கையெழுத்து.

அது சட்டத்துக்குப் போதுமா என்று
யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரிந்து பிரிவு இரண்டின் வரையறைகளில்
ஈரம் இல்லை.

செருப்பைப் பிடுங்கிக்கொண்டே கேட்டது:
"அக்கா, நீங்க பேப்பர்லதான வேலை பாக்குறீங்க?
இந்த மசோதா எப்ப வந்துச்சு?
தினம் படிக்கிறேன், பாத்த ஞாபகமே இல்லையே."

கால் கழுவுகிற சாக்கில் குனிந்தேன்.
கழுவும் அளவுக்கு
அதற்குள் தண்ணீர் இல்லை.