மூன்றாம் தரம்

ராஸ்காமன் மாட்டுச் சந்தையில்
இருபத்திரண்டு வருடம் ஏலம் கூவியவன் நான்.
பசு, மாடு, பணம்:
என் தொழிலின் சொற்களெல்லாம்
உதடு கூடினால்தான் பிறக்கும்.

கீழ்வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் போனது.
திருகாணி இறக்கிப் புதுப்பல் வைக்கலாம் என்றார்
மருத்துவர் ஹெனெகன்.
முதலில் படம் எடுக்க வேண்டாமா என்றேன்.
"உன் தாடை எனக்குத் தெரியாதா, லோர்கன்?"
சிரித்தார்.
அந்தச் சிரிப்பை நம்பி வாயைத் திறந்தேன்.

துளை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கிற்று.
மின்வேலியில் மூக்கை வைத்த கன்றுபோல
ஒரு துள்ளல்.
"முடிந்தது, முடிந்தது" என்றார்.
முடிந்துதான் போயிருந்தது.

மரப்பு சாயங்காலம் தெளியும் என்றார்கள்.
பிறகு, ஒரு வாரத்தில்.
பிறகு, ஈஸ்டருக்குள்.
மேசைக்கு எதிரே ஃபிடெல்மா
தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவாள்:
தேநீர் வழிகிறது, துடைத்துக்கொள்.
அந்த ஒரு சைகையில்
இரண்டு வருடம் குடும்பம் நடத்தினோம்.
முத்தம் பற்றி நிபுணர்கூடக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

கெடு முடிய ஆறு நாள் இருக்கையில்
வழக்கறிஞர் ஊனா டெவானியின் படியேறினேன்.
ஏன் இவ்வளவு தாமதம் என்றாள்.
அவருடைய காளைக்கன்றுகளை
வருடாவருடம் நான்தான் விற்றுக்கொடுக்கிறேன் என்றேன்.
அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

டப்ளினில் நிபுணர் கண்ணை மூடச் சொன்னார்.
பஞ்சு. தெரிகிறதா? இல்லை.
ஊசி?
எப்போது குத்தினீர்கள் என்று கேட்டேன்.
பேனாவை எடுத்து என் மோவாயில் கோடு கிழித்தார்,
பங்காளிகள் வயல் பிரிப்பதுபோல.
கோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்கு.
அந்தப் பக்கம் யாருக்கு என்று
அறிக்கையில் இல்லை.

ஆத்லோன் ஓட்டலில் இரண்டு அறைகள்.
ஒன்றில் நாங்கள், ஒன்றில் காப்பீட்டுக்காரர்கள்.
இடையில் சிவப்புக் கம்பளத்தில்
ஒரு பெரிய மனிதர் நடக்க நடக்க
விலை ஏறியது.
பதினெட்டாயிரம்.
இருபத்தாறு.
சாண்ட்விச் வந்தது, நான் தொடவில்லை.
முப்பத்தொன்று.
விற்பவன் முகத்தில் ஆசை தெரியக்கூடாது,
ஊரெல்லாம் நான் சொன்ன பாடம்.
என் முகத்தில் பாதி எனக்கே தெரியாது.

நாற்பத்து நான்கில் நின்றது. கூடவே ஒரு வரி:
தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல்.
தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இது தானமல்ல. பிடித்துப் பார்த்தேன்.
மன்னிப்பு: அதற்கும்
உதடு இருமுறை கூடவேண்டும்.
அவருக்கு இரண்டு உதடும் நன்றாகத்தான் இருக்கின்றன.
சொல்லக்கூடாது என்று
அவர்கள் சொல்லியிருந்தார்களாம்.

ஒரு தரம்.
இரண்டு தரம்.
ஊனா பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

இப்போது மேடையில் அக்கா மகன் கூவுகிறான்.
நான் கீழே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
ரசீது எழுதுகிறேன்.
தொகை வந்ததில் கூரை மாற்றினோம்,
மீதி வங்கியில்.

அக்டோபரில் ஹெனெகன் வந்தார்,
நான்கு காளைகளோடு.
நல்ல விலைதான். என்னைவிட நூறு கூடவே வாங்கித்தந்தான் பையன்.
பணம் வாங்க வரிசையில் நின்று
என் ஜன்னலுக்கு வந்தார்.
தொப்பியில் மழை.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
தாளை நீட்டும்போது நிமிர்ந்தேன்.

அவர் கை மேலே எழுந்து
தன் மோவாயைத் தொட்டது,
இடதுபக்கம், லேசாக.

புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.
தேநீர்தான்.
"அடுத்தவர்" என்றேன்.