மற்றவை

கருவி திரும்பப் பெறும் படிவத்தில்
காரணத்துக்கு நான்கு கட்டங்கள்.
கட்டணம். வாடகை. கடை மூடல்.
நான்காவது, மற்றவை.
அதன் பக்கத்தில் எழுத ஒரு கோடு,
என் சுண்டுவிரல் நீளத்துக்கு.

காலையில் ஈசூன் ஈரச்சந்தை.
மீன்கடை ரோஹானி கருவியைப்
பைக்குள் பை போட்டுச் சுற்றி வைத்திருந்தார்.
வாங்க வருகிறவர் எதையும் தொட வேண்டாம்,
கைப்பேசியைக் காட்டினால் போதும்.
தொகையை அழுத்த வேண்டியவர் இவர்.
செதிலும் ஐஸ்தண்ணீரும் ஒட்டிய விரலை
விரலென்று திரை ஒப்புக்கொள்வதில்லை.
துடைத்து அழுத்தி, துடைத்து அழுத்தி
ஆறு வெள்ளிச் செலாருக்கு ஒருநாள்
அறுபது விழுந்துவிட்டது.
பணம் திரும்பிப் போக மூன்று வாரம்.
வாங்கிய பெண்மணி அதற்குப் பிறகு
எதிர்க்கடையில்தான் மீன் வாங்குகிறார்,
இங்கே பார்த்துச் சிரித்துக்கொண்டே.

இதை எந்தக் கட்டத்தில் போட?
"எதையாவது போடு" என்றார் மலாயில்,
கத்தி நடுவில் நிற்காமல்.

மார்சிலிங் கோப்பிக் கடையில் மீரான் கனி
சுடச்சுட ஒரு பரோட்டாவை எடுத்து
ஓரத்தில் நகத்தளவு கிள்ளினார்.
"இது உன் கம்பெனிக்கு."
இன்னொரு கிள்ளு.
"இது கருவி வாடகைக்கு.
பணம் மூணு நாள் கழிச்சு வருது பாரு,
மாவுக்காரன் இன்னைக்கே நிக்கிறான்,
அதுக்கு எங்க கிள்ளுறது, சொல்லு."
கிள்ளிய பரோட்டாவை என்னையே தின்னச் சொன்னார்.
கட்டணம் என்ற கட்டத்தில் சரி போட்டேன்,
எண்ணெய்க் கை படாமல்.
அன்றைக்கு நான் போட்டதில்
உண்மையான சரி அது ஒன்றுதான்.

மூன்று மணிக்குப் புக்கிட் பாத்தோக்.
சலவைக் கடை, குமுதவல்லி.
கருவியில் குறையில்லை.
சோதனைக்கு ஒரு காசு தட்டினேன்,
'டிங்' என்றது சுத்தமாக.
அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டை
கையிலேயே நின்றது.

"கணக்கு அவரு பேருல.
கடை தொறந்தப்போ ரெண்டு பேரும்தான் இருந்தோம்.
இந்தச் சத்தம் கேக்குறப்பல்லாம்
ஜொகூர்ல அவரு ஒரு கோப்பி குடிக்கிறாரு."

பெயர் மாற்றலாமே என்றேன்.
மாற்றலாம், அவர் கையெழுத்து வேண்டும்.
ஃபோனை எடுக்கமாட்டார்.
பணத்தை மட்டும் எடுப்பார்.

ரொக்கம் மட்டும் என்று அட்டையில்
மூன்று மொழியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்.
காசெடுக்கும் இயந்திரம்
சாலையைத் தாண்டி, இரண்டு புளோக் தள்ளி.
போனவர்களில் பாதிப்பேர் திரும்புவதில்லை.
"போகட்டும், பாதிதானே?
மீதிப் பாதி என்னோடது" என்று
பிஸ்கட் டின்னைக் குலுக்கிக் காட்டினார்.
டின்னில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது.
ஆனால் அந்தக் குலுக்கல்.

சுண்டுவிரல் கோட்டில் பேனாவை வைத்தேன்.
ஜொகூர் என்று எழுதவா?
கோப்பி என்று எழுதவா?
காலியாக விட்டால் கணினி ஏற்காது.
கட்டணம் என்றே தட்டினேன்.

மாதக் கடைசியில் அலுவலகச் சுவரில்
நீலமாய் ஒரு வரைபடம் ஏறும்.
விலகிய கடைகளில் பெரும்பாலானவை
கட்டணத்தால் விலகின என்று.
கூட்டம் போட்டு, பழரசம் குடித்து,
கட்டணத்தில் ஒரு தூசு குறைப்பார்கள்.
எனக்கும் கைதட்டல் உண்டு, தரவு தந்ததற்கு.

இரவு ரயிலில்
மடியிலிருந்த பைக்குள் ஒன்று விழித்துக்கொண்டு கூவியது.
எதிரே இருந்த பையன்
தன் கைப்பேசியைப் பார்த்தான்.
இறக்க மறந்த மின்கலம்.
பைக்குள் பையைப் பிரித்தால்
திரையில் தொகையைக் கேட்டபடி ஒளிர்கிறது,
மூலையில் ஒரு மீன் செதிலோடு.

ரத்து என்பதை அழுத்தினேன்.
என் காய்ந்த விரலுக்கு
முதல் தொடுதலிலேயே பணிந்தது.