நீலக்கோடு

கைபேசி வரைபடத்தில் அது நீலக்கோடு.
அராலி அணைக்கட்டின் இரும்புக் கதவடியில்
சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தால்
உப்புப் பூத்த சேறு,
ஒற்றைச் செருப்பு,
தன் நிழலையே கொத்திக்கொண்டு ஒரு கொக்கு.

"இதையோ ஆறு எண்டனீ?"
என்றான் பெனடிற்.
குருநகரில் பிறந்தவன்.
அலையில்லாத எதையும்
தண்ணீரென்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

யாழ்ப்பாணத்துக்கு வாய்த்தது ஒரேயொரு ஆறு.
அதற்கும் பெயர் வழுக்கியாறு.
மாரிக்கு வரும்,
கையில் அகப்படுமுன் வழுக்கிப் போய்விடும்.
புரட்டாசியில் அது லீவில் நிற்கும்.
லீவில் நிற்பவரின் வளவுக்குள்
படலையைத் தட்டாமல் நுழைவதுபோல்
கரையில் ஏறினோம்.

ஞாயிறு, காலை ஆறரை.
தார் ரோட்டில் சைக்கிள் ஊமை.
கிறவலில் இறங்கியதும் வாய் திறந்தது:
ரயருக்கடியில் கல் அரைபடும் ஓசை
பக்கத்து சீற்றில் யாரோ
வறுத்த கச்சானை வாய்மூடாமல் தின்பதுபோல.
ஹாண்டிலின் நடுக்கம் முழங்கைவரை ஏறியது.
வளைவில் பிறேக் பிடித்தால்
பின்சில்லு தன்பாட்டில்
வேறு ஊருக்குப் போகப் பார்த்தது.

நவாலி தாண்டி வயல்வரம்பில்
ஒரு மனிசி மாட்டை மாற்றிக் கட்டிக்கொண்டு நின்றா.
"எங்கை போறியள்?"
"சும்மா, ஆத்தோடை."
"சும்மாவோ?"
திங்கள் முதல் வெள்ளிவரை
வங்கிக் கவுண்டரில் நான்
ஐயாயிரம் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல
அந்தச் சொல்லைப் பிடித்துப் பார்த்தா.
"ரோட்டு அகலிக்கப் போறாங்களோ?
காணி அளக்க வந்தனீங்களோ?"
இல்லை என்றோம்.
"அப்ப என்ன அலுவல்?"
அலுவல் இல்லை என்பதற்கு
எங்களிடம் கடிதம் ஏதும் இல்லை.
கனதூரம் வந்து திரும்பினேன்:
அவ போய்விட்டா,
மாடு மட்டும் விசாரணையை முடிக்கவில்லை.

சண்டிலிப்பாய்க்கு அப்பால் பனங்கூடல்.
எங்கள் ஊரில் காடு என்றால் இது,
கிளையே இல்லாத காடு.
நிழல் கோடுகோடாய் விழுந்திருக்க
முன்னால் போகிறவனின் முதுகு
அணைந்து எரிந்து அணைந்து எரிந்து போனது.
நசுங்கிய பனம்பழத்தின் மணம்
வெயிலுக்கு முன்னமே தலைக்கேறியது.
எங்கேயோ ஒரு காவோலை
பட்டென்று விழுந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம்,
தலையில் ஹெல்மற் இருந்தும்.
நிமிர்ந்தபிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.
கியர் மாற்றினோம்.

கந்தரோடைக்கு மேலே ஆறு வாய்க்கால் ஆனது.
வாய்க்கால் மதகானது.
அளவெட்டியில் மதகு
ஒரு மரவள்ளித் தோட்டத்து வேலியில் முட்டி நின்றது.
நீலக்கோடு மட்டும்
கிளுவைக் கதியாலை மதிக்காமல் உள்ளே போனது.
அந்த இடத்தில்தான் என் முன்சில்லு
பெருமூச்சு விட்டது.
நெருஞ்சி. மஞ்சள் பூவோடு,
ஒன்றுமறியாத முகத்தோடு.

வீட்டுக்காரர் பெயர் தவக்குமரன்.
கிணற்றில் அள்ளி பேசின் நிறையக் கொண்டுவந்தார்.
ரியூபை அமிழ்த்தித் திருப்பினோம்,
ஒரு சுற்று, இன்னுமொரு சுற்று.
குமிழி.
"அந்தா," என்றார், மீன் பிடித்தவர்போல.

"ஆறு எங்கை அண்ணை தொடங்குது?"
அவர் சுற்றிலும் ஒருக்கால் பார்த்தார்.
"மழை பெய்யட்டும், வாங்கோ.
இந்த முத்தத்திலைதான் தொடங்கும்.
போனமுறை கோடிக்குள்ளாலை ஓடி
கோழிக்கூட்டையும் கொண்டு போனது."

பேசின் தண்ணீரை வாழையடிக்குக் கொண்டுபோனவர்
பாதியில் நின்று
முற்றத்திலேயே கவிழ்த்தார்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு தெற்கே திரும்பி
ஒரு சாண், இரண்டு சாண்,
ஒரு பேட்டுக்கோழியின் காலைச் சுற்றி
நாங்கள் வந்த பக்கமாகவே போனது.

பெனடிற் குந்தியிருந்து பார்த்தான்.
"ஓடுதடி," என்றான்.

ஒட்டு இன்னும் காயவில்லை.