வந்தது, வந்திருக்க வேண்டியது

மேலூர் ரோட்டுக் கலவை ஆலையில்
கட்டி உடைப்பது என் வேலை.
பதினைந்து சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டி.
ஏழு நாள் தண்ணீரில் ஊறியது,
இருபத்தெட்டு நாள் ஊறியது.
மச்சக்காளை அண்ணன் எந்திரத்தில் ஏற்றுவார்.
முள் நடுங்கி நடுங்கி ஏறும்.
டப்பென்று ஒரு சத்தம்.
முள் நின்ற இடத்தை நான் எழுதுவேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு
கேட் மாதிரித் தேர்வுகளைத் தொடங்கினேன்.
ஒத்தக்கடை மாடி அறை, கீறல் விழுந்த போன்,
திரையிலேயே குத்திக் கணக்குப் போடும் கால்குலேட்டர்.
கீழே கறிக்கடை வரிசை.
"அரைக் கிலோ, எலும்பு கம்மியா" என்று ஒரு குரல்
மண் அழுத்தக் கேள்விக்கு நடுவில் வந்து நின்றது.
நூற்றுக்கு 23.67.

எலி கடித்ததால் ஆலையில் ஒதுக்கிய ரெஜிஸ்டர் ஒன்று
என்னிடம் இருந்தது.
தேதி, கட்டி எண், வயது, பலம்.
அச்சடித்த தலைப்புகளை அப்படியே விட்டுவிட்டேன்.
கட்டி எண் ஒன்று.
வயது இருபத்து நான்கு.
பலம் 23.67.

பிறகுதான் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
இந்தப் பக்கம் 'வந்தது'.
அந்தப் பக்கம் 'வந்திருக்க வேண்டியது'.
மீட்டரை மில்லிமீட்டர் ஆக்க மறந்தது ஒன்று,
தெரிந்தும் மாற்றிக் குத்தியது இரண்டு,
அதற்கு வெட்டிய மூன்றில் ஒரு பங்குகள்,
கரண்ட் போய் வைஃபை செத்த பத்து நிமிடம்,
எல்லாம் சேர்த்தால் முப்பத்து நான்கு.
முப்பத்து நான்குக்குத்
திருச்சியில் இடம் இருக்கிறது.

ஐப்பசி வரை இரண்டு பத்திகளும் வளர்ந்தன,
இரண்டாவது செழிப்பாக.
கோரிப்பாளையத்திலிருந்து நிலோபர் கூப்பிட்டால்
அதைத்தான் படித்துக் காட்டுவேன்.
அவளும் ஒரு எண் சொல்வாள்.
எந்தப் பத்தி என்று நான் கேட்டதில்லை.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு திங்கள்,
இருபத்தைந்து தாங்க வேண்டிய கட்டி
இருபத்திரண்டில் உடைந்தது.
ஜெகவீரன் சார் எட்டிப் பார்த்தார்.
"கலவை நல்ல கலவைதான்.
தொட்டியில ஏதோ கோளாறு.
இருபத்தாறு வந்திருக்கணும். போடும்மா."

போட்டேன்.
என் கையெழுத்தில் அந்த இருபத்தாறு
அழகாகவே இருந்தது.
எந்த வீட்டுத் தூண் என்று
லாரிச் சீட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும்.
பார்க்கவில்லை.
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
யானைமலை வந்து போனதுகூடத் தெரியாமல்
விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிறு, கட்டி எண் பதினொன்று.
28.33.
அடுத்த பத்தியில் பேனாவை வைத்ததும்
உள்ளேயிருந்து ஒரு குரல்,
என் குரல்தான்:
வந்திருக்கணும். போடும்மா.

ரெஜிஸ்டரை மூடிவிட்டு
அரிசி களையப் போனேன்.

ஆலைக்குப் பின்னால்
உடைத்த கட்டிகள் குவிந்து கிடக்கின்றன.
எந்த வீட்டிலும் சேராதவை.
இரண்டை அடுக்கி உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடிக்கிறோம்.
உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்:
சிலவற்றில் ஜல்லியே பிளந்திருக்கும்.
சிலவற்றில் ஜல்லி முழுசாக இருக்கும்,
பிடித்திருந்த பசைதான் கை விட்டிருக்கும்.
இத்தனை நாள் முள்ளை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பத்தியின் தலைப்பை அடித்துவிட்டு
'உடைந்த விதம்' என்று எழுதினேன்.
அலகு மாற்றம்: பசை.
நீரியல்: ஜல்லி. ஒன்றுமே தெரியவில்லை.
கணிதம்: பசை, பசை, ஜல்லி.
நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு எல்லாமே பசை.

மார்கழியில் ஒரு முறை முப்பத்தொன்று.
பொங்கல் கழிந்த ஞாயிறு,
தெருவெல்லாம் கரும்புச் சக்கை,
பக்கத்து வீட்டு டிவியில் மாடு அவிழ்க்கிற கூச்சல்,
மறுபடி சரிந்தது.

நிலோபர் கூப்பிட்டாள். "எவ்வளவுடி?"
"இருபத்தாறு புள்ளி ஆறு ஏழு."
கொஞ்ச நேரம் ஆற்றுப் பாலத்து
ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.
"எனக்குப் பத்தொன்பது" என்றாள்.
"நிஜமாவே பத்தொன்பது."
நீரியலை இரண்டு பேரும் சேர்ந்து
முதலிலிருந்து படிப்பதென்று முடிவானது.

தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
ஆலை ரெஜிஸ்டரில், கார்த்திகைப் பக்கத்தில்,
அந்த இன்னொரு இருபத்தாறு
அப்படியே இருக்கிறது.

நாளை திங்கள்.