காரணம் சொல்லத் தேவையில்லை

மல்லாவிச் சந்தியில், விதைநெல் கடைக்கும்
போன் திருத்துகிற கடைக்கும் நடுவில்
டொக்டர் அமிர்தகுலனின் டிஸ்பென்சரி.
வாங்கில் பதினொரு பேர். பன்னிரண்டாவது நான்.
பிறசர் நூற்றி அறுபத்தெட்டு.

"ஓர் ஆய்வு நடக்குது, சேருவீங்களோ?"
பழைய குளிசையை நிறுத்தத் தேவையில்லையாம்.
அதோடு இன்னொன்று.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மா.
"எனக்கு எது, டொக்டர்?"
"எனக்கும் தெரியாது."
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு
தெரியாது என்று சொன்ன மனிசரை
அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.
அதற்காகவே சேரலாம் போலிருந்தது.

நிரோஜினி படிவத்தை வாசித்தாள், ஏழு பக்கம்.
எவ்வளவு இரத்தம்? இரண்டு தேக்கரண்டி.
எங்கே போகும்? கொழும்புக்கு, ஐஸ் பெட்டியில்.
பெயர் போகாது, எண் மட்டும்தான் போகும்.
என் எண் முப்பத்தொன்று.

எண் எனக்குப் புதிதில்லை.
கூடாரத்துக்கு ஒன்று, நிவாரண அட்டைக்கு ஒன்று,
படம் எடுக்கையில் நெஞ்சுக்கு நேரே
பிடிக்கச் சொன்ன பலகையில் ஒன்று,
தம்பிக்காகக் கொடுத்த முறைப்பாட்டுக்கு
நாலு கந்தோரில் நாலு.
எல்லாம் இன்னும் மனப்பாடம்.
முப்பத்தொன்று சின்ன எண், நாக்கில் பாரமில்லை.

ஐந்தாம் பக்கத்தில் வந்தது:
"நீங்கள் விரும்பிய நேரத்தில் விலகிக்கொள்ளலாம்.
காரணம் சொல்லத் தேவையில்லை."
பிள்ளை, அதைத் திரும்ப வாசி.
வாசித்தாள்.
இன்னொருக்கால்.
வாங்கில் இருமிக்கொண்டிருந்தவர்கூட
இருமலை அடக்கிக் கேட்டார்.
கையெழுத்துப் போட்டேன்.

செபமாலையக்கா இருபத்தொன்பது.
பின்னேரங்களில் வேலிக்கு இரு பக்கமும் நின்று
குளிசைகளை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம்.
ஒரே வெள்ளை, ஒரே வட்டம், நடுவில் ஒரே கீறு.
அக்கா இரண்டையும் நக்கிப் பார்த்தா:
"உன்ரை கைக்குது. என்ரை மாதான்."
சரி, எறும்பு சொல்லட்டும் என்று மதிலில் வைத்தோம்.
எறும்பு இரண்டையும் சுற்றிக்கொண்டு போனது.
மாதமுடிவில் நிரோஜினி எண்ணினாள், ஒன்று குறைந்தது.
எறும்பு, என்றேன்.
அப்படியே எழுதினாள்.

நாலாம் மாதம்.
தலைச்சுற்று இல்லை, கால் வீக்கம் இல்லை,
உடம்பில் ஒரு குறையும் இல்லை.
அந்த வசனம்தான் நித்திரையைக் கெடுத்தது.
ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னேன்:
"நான் விலகுறன்."
ஏன் என்று கேட்க அவள் வாயெடுத்தாள்.
கேட்கவில்லை. "சரியம்மா" என்றாள்.
திகதி போட்டாள், கோப்பை மூடினாள்,
தேத்தண்ணி தந்தாள், சீனி கூட.

வீட்டுக்கு வந்து படலையைக் கொளுவாமல் விட்டேன்.
சனி. ஞாயிறு. திங்கள்.
வாகனம் ஒன்றும் வரவில்லை.
பெயர் கேட்டு ஒருத்தரும் நிற்கவில்லை.
செவ்வாய் பின்னேரம் நாய் குரைத்தது.
எழும்பி, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.
மீன்காரன்.
அரைக் கிலோ சூடை வாங்கினேன்.

மறுகிழமை டிஸ்பென்சரிக்குப் போனேன்.
"பிள்ளை, அது உண்மைதான். சும்மா பார்த்தனான்.
திரும்பச் சேர்த்துக்கொள்."
அதற்கு விதியில்லையாம், விலகினால் விலகினதுதான்.
முகம் வாடினது அவளுக்கு.
டொக்டர் சிரிக்கவில்லை.
பட்டியைக் கையில் சுற்றினார், இறுக்கினார், விட்டார்.
நூற்றி நாற்பத்திரண்டு.
"அப்ப என்ரை உண்மைக் குளிசையோ?"
"மாசியிலைதான் திறந்து பார்ப்பினம். அதுவரை எனக்கும் தெரியாது."

முப்பத்தொன்றை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்களாம்.
நாலு கட்டம் நிரம்பியிருக்கும்,
எட்டுக் கட்டம் வெறுமையாய்.

இப்போது செபமாலையக்காவுக்குத் துணையாகப் போய்வருகிறேன்.
அவவுக்கு பஸ் காசு கொடுக்கிறார்கள்.
எனக்கு நான் கொடுக்கிறேன்.
ஏன் விலகினேன் என்று சொல்ல
இப்போது எனக்கு நல்ல விருப்பம்.
ஒருத்தரும் கேட்கிறார்களில்லை.