எட்டுக்கு நாலு

எட்டடிக்கு நாலடித் தகடு, மூன்று மில்லிமீட்டர்.
தலவாக்கலைப் பட்டறையில் மிஞ்சியது இது ஒன்றுதான்.
கொழும்பு லொறி மண்சரிவுக்கு அப்பால் நிற்கிறது.

ரோலர் மேசைக்கு நான்கு வளையம்,
ஆறு தாங்கி, நான்கு காது.
திரையில் கொட்டி, அடுக்கு என்றேன்.
பதின்மூன்றைப் படுக்கவைத்துவிட்டு
மென்பொருள் கையை விரித்தது.

ஸ்டீவன் அண்ணன் பிளேன்டியோடு பின்னால்:
"டெய்சி, கரண்ட் போறதுக்குள்ள."

பத்துக்குப் பன்னிரண்டு லயத்து அறையில்
ஏழு பேர் படுத்தவர்கள் நாங்கள்.
அக்காவின் தலைமாட்டில் என் கால்,
அம்மாவின் முழங்கால் மடிப்புக்குள் தம்பி.
இந்தத் தகட்டில்
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே
தீ போய்வர நான்கு மில்லி விட்டாக வேண்டும்.
எங்களுக்கு அதுவும் இருந்ததில்லை.

ஒன்றுவிட்ட தாங்கிகளைத் தலைகீழாக்கினேன்.
காதுகளை வளையங்களின் வயிற்றுக்குள் போட்டேன்.
பதினான்கும் படுத்தன.

வெட்டி முடிய நாலரை மணி.
மிச்சத் தகடு வழக்கமாக
அண்ணனின் லீக்ஸ் பாத்திக்கு வேலி,
பன்றிக்குப் பயந்து.
இன்று ஒரு கையால் தூக்கினார்.
தாங்கி விழுந்த ஓட்டைக்குள்ளால்
என்னைப் பார்த்தார்:

"வேலிக்கும் கொஞ்சம் விட்டிருக்கலாம், புள்ள."